மூடியை மாற்றாதவள்

புதிதாகப் பணியில் சேர்ந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஓய்வு பெற்றவர்களிடம் இப்படிக் கேட்பது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்கு இன்னும் தெரியவில்லை. சரி, கேட்டுவிட்டீர்கள், அனுபவியுங்கள்.

போன மாதம் ஆய்வகத்துக்கு வந்தபோது உங்களில் ஒரு பெண் கணினித் திரையில் ஒன்றைக் காட்டினாள். வேர்க்கடலை இலைப்புள்ளிப் பூஞ்சையின் டியூபுலின் மரபணு. எழுத்துகள் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. ஓரிடத்தில் விரலை வைத்து, "இந்த ஒரு எழுத்து மாறியிருக்கு மேடம். அதனால மருந்து ஒட்ட மாட்டேங்குது. அவ்வளவுதான்" என்றாள். நான் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன். ஏசி குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து எனக்கு டீ வாங்கிக் கொடுத்தீர்கள். குளிரெல்லாம் இல்லை. அந்த 'அவ்வளவுதான்' என்னை எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிட்டது. அந்தப் பூஞ்சை உங்கள் குளிர்பெட்டிக்கு எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. அதைத்தான் எழுதப் போகிறேன்.

எழுபதுகளின் பிற்பாதி. மரக்காணத்தில் உப்பளங்களை ஒட்டி ஓர் ஓட்டுக் கட்டடம், அதுதான் எங்கள் நிலையம். வேர்க்கடலையில் வரும் இலைப்புள்ளி நோயைப் பார்ப்பது வேலை. அதிகாரி ஒருவர், அவருக்குக் கீழே தற்காலிகப் பணியில் இரண்டு பெண்கள். ஒருத்தி நான், திண்டிவனத்துக்காரி. இன்னொருத்தி அஞ்சலை. எக்கியார்குப்பத்தில் கடலுக்குப் போகும் குடும்பம். பாண்டிச்சேரியில் தாவரவியல் படித்தவள். குப்பத்திலிருந்து சைக்கிளில் வருவாள், வரும் வழியெல்லாம் யாரையாவது அதட்டிக்கொண்டே வருவாள். எந்தச் செடியைக் கண்டாலும் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தை முதலில் பார்ப்பது அவள் பழக்கம். எங்கள் நோயில் புள்ளி இரண்டு வகை. அடிப்பக்கம் பார்த்தால்தான் எது என்ன என்று சுலபமாகத் தெரியும். அவள் அதைக் கோயில் அரசமரத்திடமும் செய்வாள், கறிவேப்பிலையிடமும் செய்வாள்.

அந்த இடத்தைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். சேர்ந்த புதிதில் மத்தியான வெயிலில் உப்பளத்து வரப்பு வழியாக நடந்து வந்து நேரே மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். பூஞ்சையின் வித்துகள் கொட்டிக் கிடந்தன. சந்தோஷத்தில் கத்தினேன். அஞ்சலை வந்து பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லியேடி இதுல" என்றாள். உப்பின் வெள்ளை என் கண்ணுக்குள் புள்ளி புள்ளியாக நின்றிருக்கிறது. "இங்க வந்தா மொதல்ல கண்ண மூடி உக்காரணும். அப்பறந்தான் பாக்கணும்" என்றாள். அவள் சொன்னபடி அன்றிலிருந்து நாங்கள் இருவரும் பெஞ்சில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்போம். புதிதாக வருபவர்கள் நாங்கள் தூங்குகிறோம் என்று நினைத்துக்கொள்வார்கள். பாதி நாள் தூங்கவும் செய்தோம். அந்தப் பெஞ்சுக்காக என் மனசு இப்போதும் ஏங்குகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். அப்போதுதான் புது மருந்து ஒன்று வந்திருந்தது, வெள்ளைப் பொடி. தண்ணீரில் கலந்து அடித்தால் இலைப்புள்ளி நின்றுவிடும். அதற்கு முன்னால் கந்தகத் தூளைத் தூவித் தூவிக் கண்ணெரிந்து கிடந்த சனங்கள் அந்தப் பொடியைச் சாமி பிரசாதம் மாதிரி வாங்கிப் போனார்கள். இரண்டு பட்டம் கடலை அமோகமாக விளைந்தது. மூன்றாவது பட்டத்தில் கீழ்புத்துப்பட்டிலிருந்து சின்னப்பொண்ணு அக்கா ஒரு கூடை நிறைய இலையோடு வந்து இறங்கினார். இலையெல்லாம் கறுப்புப் புள்ளி.

"ஏம்மா, நீங்க குடுத்தது மருந்தா, கோலமாவா? அடிச்ச கொல்லையிலதான் புள்ளி நல்லா வருது!"

தலைமை அலுவலகத்தில் கேட்டால், அளவு பத்தவில்லை, இரட்டிப்பாக அடிக்கச் சொல்லுங்கள் என்றார்கள். எங்கள் அதிகாரிக்கு அது சரியாகப் படவில்லை. அவர் பெயரைச் சொல்ல மாட்டேன், சார் என்றே வைத்துக்கொள்வோம். நல்ல மனிதர், பயந்த மனிதர், இரண்டும் ஒரே ஆளுக்குள் இருந்தன. "இந்த எலையிலேர்ந்து பூஞ்சைய எடுத்து வளருங்க. மருந்து கலந்த தட்டுல போட்டுப் பாருங்க" என்றார்.

அஞ்சலைதான் எடுத்தாள். இந்தப் பூஞ்சை எவ்வளவு சோம்பேறி என்று உங்களுக்கே தெரியும். ஒரு மிளகளவு வளர வாரக்கணக்கில் ஆகும். காத்திருந்தோம். மருந்து கலக்காத சாதாரணத் தட்டுகளில் எல்லாம் வளர்ந்தது. மருந்துத் தட்டுகளில் பெரும்பாலும் ஒன்றுமில்லை. ஆனால் சிலதில் மட்டும் ஓரமாக, மேடும் பள்ளமுமாக, சாம்பல் நிறத்தில் அசிங்கமாக ஒன்று முளைத்திருந்தது. விஷத்தைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தது. அஞ்சலை என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தேன். அவள் அப்பா கரைக்கு வந்து கட்டுமரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். கட்டுமரம் என்றால் படகு மாதிரி ஒரே உடம்பு இல்லை. கடலுக்குப் போகும்போது மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டுவார்கள். திரும்பி வந்ததும் கயிற்றை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் காயப் போடுவார்கள். மறுநாள் மறுபடியும் கட்டுவார்கள். அஞ்சலை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ராஜி, இதேதான்டி."

"எதுடி?"

"இந்த மருந்து பட்டா பூஞ்ச பிரிய மாட்டேங்குது, மொளை கோணிக்குதுன்னு சார் படிச்சுக் காட்டுனாரு இல்ல? உள்ள இன்னாமோ ஒண்ணு இப்பிடித்தான் கட்டிக் கட்டி அவுக்குது. மருந்து போயி கயிறு போற எடத்துல உக்காந்துக்குது. கட்ட முடியாதவன் கடலுக்கு எப்பிடிப் போவான்?"

"அப்ப சின்னப்பொண்ணு அக்கா கொல்லையில மட்டும் எப்பிடிப் போறான்?"

"அங்க ஏதோ ஒரு மரம் மட்டும் கொஞ்சம் வேற மாதிரி இருந்திருக்கும். மருந்து உக்கார எடம் இல்ல. மத்ததெல்லாம் கரையிலயே நின்னுடுது, அது மட்டும் ஜோரா போயிட்டு வருது."

"கட்டுமரக்காரிக்கு எதைப் பாத்தாலும் கட்டுமரம்தான்" என்று சிரித்தேன். அவள் அப்பா சிரிக்கவில்லை. கயிற்றைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும். வேல பெர்மனன்ட் ஆவுமா ஆவாதா? தைக்குள்ள ஆவலன்னா போர்ட் பிளேர்ல மாமன் வூட்டுக்குக் கட்டிக் குடுத்துருவேன். உங்க ரெண்டு பேரையும் வெச்சிக்கினுதான் சொல்றேன்."

அஞ்சலை குனிந்து கயிற்றின் மறுமுனையை எடுத்துக் கொடுத்தாள். அவளுக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். தூங்கும்போதும் அவளுக்குப் பூஞ்சைதான் கனவு. ஆனால் நிரந்தர இடம் ஒன்றுதான் வரப்போகிறது என்று சார் ஏற்கெனவே சொல்லியிருந்தார். எனக்கும் அது தேவைதான், வீட்டில் எனக்குக் கீழே தங்கைகள். ஒருத்தியை ஒருத்தி கிண்டல் செய்துகொண்டே அந்தப் பேச்சை ஒதுக்கி வைத்திருந்தோம். இப்போது இந்தக் கண்டுபிடிப்பு அவளுடையது. இடமும் அவளுக்குத்தான் என்று எனக்குப் புரிந்திருந்தது. பொறாமை இருந்ததா? இருந்தது. அதைவிடப் பெரிதாக, நான் ஊருக்குப் போனால் இவள் பக்கத்தில் யார் பெஞ்சில் உட்காருவார்கள் என்ற அற்பக் கவலை இருந்தது.

சார் மேலே தகவல் சொன்னார். தலைமை அலுவலகத்துப் பெரியவர் ஒருவர் நேரில் வந்து தட்டுகளைப் பார்ப்பதாக ஏற்பாடு. அவர் ஒப்புக்கொண்டால் இரட்டை அளவு உத்தரவு ரத்தாகும், அஞ்சலைக்கு இடம் உறுதி. அவர் வரும்போது புதுத் தட்டுகள் நன்றாக வளர்ந்திருக்க வேண்டுமென்று அஞ்சலை பல வாரங்களுக்கு முன்பே எல்லாவற்றையும் மறுபடி போட்டாள்.

அங்கேதான் தப்பு நடந்தது. உங்களைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தப்பு புரியாது, அதனால் கவனமாகக் கேளுங்கள். எங்களிடம் இருந்தவை கண்ணாடித் தட்டுகள், விரல் விட்டு எண்ணிவிடலாம். வேலை முடிந்த தட்டை வேகவைத்துக் கழுவினால்தான் அடுத்த வேலை. மருந்துத் தட்டுகளைப் பார்த்தாயிற்று என்று அவள் வேகவைத்துவிட்டாள். புதிதாக வளர்க்கச் முதலில் இலையிலிருந்து எடுத்து மருந்தில்லாத குழாய்களில் வைத்திருந்த பூஞ்சையிலிருந்து துண்டு எடுத்தாள். எந்த இடத்தில் எடுத்தாள்? நன்றாக, வட்டமாக, கறுத்து அழகாக வளர்ந்திருந்த இடத்தில். அப்படித்தான் எங்களுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள், உங்களுக்கும் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆனால் ஒரே இலைப்புள்ளியில் இரண்டு விதப் பூஞ்சையும் கலந்திருக்கலாம். மருந்துக்குச் சாகாதது, அந்த அவலட்சணமான மேட்டுப் பகுதி. அவள் எடுத்துப் போட்டதெல்லாம் சாகும் வகை. பழைய குழாய்களும் கழுவப் போயாகிவிட்டன.

பெரியவர் மறுநாள் வருகிறார் என்னும்போது தட்டுகளை வெளியே எடுத்தோம். சாதாரணத் தட்டுகளில் பூஞ்சை வட்ட வட்டமாக இருந்தது. மருந்துத் தட்டுகள் துடைத்து வைத்த மாதிரி இருந்தன. ஒன்றிலும் ஒன்றுமில்லை. அஞ்சலை எல்லாவற்றையும் வெளிச்சத்துக்குத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டாள். என்ன நடந்தது என்று அவளேதான் கண்டுபிடித்துச் சொன்னாள்.

திரும்ப வளர்க்க நேரமில்லை. சார் அறைக்குள் இங்குமங்கும் நடந்தார். ஜன்னலைச் சாத்தினார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"எழுத்தெல்லாம் மூடியிலதானே இருக்குது. மூடிய மட்டும் மாத்தி வெச்சுட்டாப் போதும்."

உங்கள் பிளாஸ்டிக் தட்டுகளில் அடியில் எழுதுகிறீர்கள். நாங்கள் மெழுகுப் பென்சிலால் கண்ணாடி மூடிமேல் எழுதுவோம். 'மருந்து' என்று எழுதிய மூடியை எடுத்து, நன்றாக வளர்ந்த சாதாரணத் தட்டின் மேல் வைத்தால் முடிந்தது. பெரியவரின் அப்பாவுக்கும் தெரியாது.

"நாம பொய் சொல்லலியேம்மா. நம்ம மூணு பேரும் கண்ணால பார்த்ததுதானே? கொல்லையில மருந்து கேக்கலைங்கறது உண்மைதானே? நாளைக்கு இரட்டை அளவுன்னு சொல்லிட்டுப் போயிட்டா அந்தச் சனம் காசையும் போட்டு கடலையையும் விட்டுடும். உன் வேலையும் போயிரும்."

அவர் சொன்ன ஒவ்வொன்றும் சரி. அதுதான் அதில் இருந்த கஷ்டம். கெட்ட எண்ணத்தோடு வரும் தப்பை விரட்டுவது சுலபம், பிள்ளைகளே. நல்ல மனிதர், நல்ல காரணத்துக்காக, நமக்கு நல்லது நினைத்துச் சொல்லும்போது என்ன செய்வீர்கள்?

அஞ்சலை என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்வது? மாற்றாதே என்றால் அந்த இடம் எனக்கு வரும். மாற்று என்றால் அவள் என்னோடு, இல்லை, நான் போனாலும் அவள் இங்கே இந்த மண்ணில் இருப்பாள். என் மனசு முழுக்க மாற்றிவிடடி என்றுதான் கத்தியது. வாய் திறக்கவில்லை. என்ன சொன்னாலும் அது அவளுடைய முடிவில் என் கை படுவதாகிவிடும்.

அவள் எழுந்து ஒரு மூடியைக் கையில் எடுத்தாள். கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு எந்தத் தட்டிலிருந்து எடுத்தாளோ அதன் மேலேயே வைத்தாள்.

"கொல்லையில இருக்கறது உண்மதான் சார். ஆனா இந்தத் தட்டு உண்ம இல்லியே. நாளைக்கு இதைப் பாத்து இன்னொருத்தர் இதுலேர்ந்து எடுத்து மருந்துல வளத்தா, அவருக்கு இன்னா கெடைக்கும்? செத்த பூஞ்சதான் கெடைக்கும். அப்ப நாம பாத்த நெசத்தையும் சேத்து எல்லாரும் பொய்யின்னுடுவாங்க."

சார் ஜன்னலைத் திறந்தார். வெளியே உப்பு அள்ளுகிறவர்களின் பேச்சுக் குரல் கேட்டது.

மறுநாள் பெரியவர் வந்தார். தட்டுகளைப் பார்த்தார். புருவத்தைத் தூக்கினார். சார் வாயைத் திறப்பதற்குள் அஞ்சலையே சொல்லிவிட்டாள், எங்கே எடுத்தேன், எதைக் கழுவினேன், ஏன் இப்படி ஆனது என்று ஒன்று விடாமல். அவர் முழுதும் கேட்டார். "இவ்வளவு கவனக்குறைவா இருக்கற பொண்ணை ஆய்வகத்துல எப்படி வெச்சிருக்கீங்க?" என்று அவளைப் பார்க்காமல் சாரைக் கேட்டார். இரட்டை அளவு உத்தரவு அப்படியே நீடித்தது. இடம் எனக்கு வந்தது. நிரந்தரமாகிவிட்டது என்ற செய்தி வந்த அன்று வீட்டில் கேசரி கிண்டினார்கள். என் பங்கைத் தங்கைகளிடம் தள்ளிவிட்டேன்.

சாரைப் பற்றி நான் சொல்ல வேண்டியது இதற்குப் பிறகுதான் இருக்கிறது. அந்தப் பயந்த மனிதர் அடுத்த வாரமே கீழ்புத்துப்பட்டுக்குப் போய், கோயில் மரத்தடியில் எல்லோரையும் கூட்டி வைத்து, "மேல இருந்து ரெண்டு பங்கு அடிக்கச் சொல்லியிருக்காங்க. நான் அடிக்க வேணாங்கறேன். அந்தப் பொடிய நிறுத்திட்டுப் பழைய கந்தகத்துக்கே போங்க. கேள்வி வந்தா என் பேரைச் சொல்லுங்க" என்றார். கேள்வி வந்தது. அவருடைய பதவி உயர்வு வெகு காலம் தள்ளிப்போனது. அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. ஒரு தடவை மட்டும், "நான் மூடிய மாத்தச் சொன்னேன், அவ மாத்தல. அதுக்கப்புறம் எனக்கு எதுக்கும்மா பயம்" என்றார்.

அஞ்சலைக்குத் தை வரை நேரம் இருந்தது. சம்பளம் நின்றுபோன பிறகும் சைக்கிளில் வந்துகொண்டே இருந்தாள். சின்னப்பொண்ணு அக்கா கொல்லையில் மிச்சமிருந்த செடிகளிலிருந்து மறுபடி இலை பறித்து வந்தாள். இந்த முறை நேராக மருந்து கலந்த வளர்ப்பு ஊடகத்திலேயே போட்டாள். சாகிறது சாகட்டும், சாகாதது மட்டும் வரட்டும் என்று. வந்தது. அதே அசிங்கமான சாம்பல் மேடு. அதை ஒரு குழாய்க்கு மாற்றி, அங்கேயும் மருந்து கலந்து வைத்தாள். அது கண்ணுக்குத் தெரியுமளவு வளர்ந்தபோது அவள் ஊருக்குக் கிளம்பும் நாள் வந்துவிட்டது. அந்தக் குழாயை வைத்துத்தான் பின்னால் நானும் சாரும் எல்லோரையும் நம்ப வைத்தோம். உத்தரவும் ஒரு நாள் மாறியது. அதற்குள் அவள் கடலைத் தாண்டிப் போயிருந்தாள்.

மரக்காணம் பஸ் நிறுத்தத்துக்கு அவளை வழியனுப்பப் போனேன். அவள் அப்பாவும் மாமாவும் மெட்ராஸ் பஸ்ஸில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மெட்ராஸிலிருந்து கப்பல். அவள் ஒரு கையில் கல்யாணப் பட்டுப்புடவைப் பையும், இன்னொரு கையில் கைக்குட்டையில் சுற்றிய அந்தக் குழாயுமாக நின்றாள். குழாயை என் உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

"செத்துடாம பாத்துக்கோடி. மருந்து போட்டே வளத்து வா. அழகா இருக்கற பக்கமா எடுக்காதே."

சரி என்றேன். பஸ் உறுமியது. அவள் ஏறினாள். எனக்குத் தொண்டையில் ஒரு வாக்கியம் இருந்தது. அதை விழுங்கிவிட்டு, "ஜன்னலோரமா உக்காரு" என்றேன். அவள் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். உப்பளத்து வெள்ளையில் பஸ் போவது வெகுதூரம் தெரிந்தது. திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். அன்றைக்கு நெடுநேரம் திறக்கவில்லை.

அதன் பிறகு சில வருஷங்கள் கழித்து ஒரு வெளிநாட்டு ஆய்விதழில் படித்தேன். செல்லுக்குள் டியூபுலின் என்று ஒரு புரதம். அதன் சின்னச் சின்னத் துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து குழல்களாகும். உட்கரு பிரியும்போது இழுத்துப் பிரிப்பதும், முளை நேராக நீள்வதும் அவற்றால்தான். வேலை முடிந்தால் அவிழ்ந்துவிடும், வேண்டும்போது மறுபடி சேரும். அந்த வெள்ளைப் பொடி டியூபுலினில் போய் உட்கார்ந்து அதைச் சேரவிடாமல் செய்கிறது. புரதம் கொஞ்சம் மாறியிருந்தால் உட்கார முடியாது. நான் ஆய்விதழைக் கையில் வைத்துக்கொண்டு, அஞ்சலை, அஞ்சலை என்று சத்தமாகக் கூப்பிட்டுவிட்டேன். பக்கத்து அறையிலிருந்து ஆள் வந்து என்ன மேடம் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன். எக்கியார்குப்பத்தில் விசாரித்தேன். அவள் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், மற்றவர்களும் அந்தமானுக்கே போய்விட்டார்கள், அங்கே எந்த இடம் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

உங்கள் குளிர்பெட்டியில் மேல் தட்டில், இடது மூலையில் இருக்கும் பூஞ்சை அவள் என் கையில் வைத்ததுதான். சாகவில்லை. பணியில் இருந்த வரைக்கும் நானே மாற்றி மாற்றி வளர்த்தேன். மாற்றலாகிப் போன ஊருக்கெல்லாம் மடியில் வைத்துக்கொண்டு போனேன். இப்போது உங்கள் பொறுப்பு. மருந்து போட்டே வளருங்கள். அழகான பக்கமாக எடுக்காதீர்கள். என்றைக்காவது யாராவது ஜன்னலைச் சாத்திவிட்டு நல்ல குரலில் உங்களிடம் பேசினால், அந்தக் குழாயை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள்.

எனக்கும் ஒரு உதவி வேண்டும். திரையில் விரல் வைத்துக் காட்டிய அந்தப் பெண்ணுக்குப் போர்ட் பிளேருக்கு மாற்றல் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அம்மா, அங்கே சந்தையிலோ தெருவிலோ என் வயசில் யாராவது ஒருத்தி, செடியைக் கண்டதும் இலையைத் திருப்பி அடிப்பக்கத்தை முதலில் பார்த்தால், பக்கத்தில் போய்ப் பேர் கேள். அஞ்சலை என்றால், அவள் சொன்னது சரி, மருந்து உட்காருவது கயிறு போகும் இடம்தான் என்று சொல். நீ எனக்குக் காட்டின அந்த ஒரு எழுத்தை அவளுக்கும் காட்டு. குழாய் உயிரோடு இருக்கிறது என்று சொல். ராஜி அன்றைக்குப் பஸ் நிறுத்தத்தில் சொல்ல வந்தது, போகாதேடி என்றுதான் என்றும் சொல்.